தாய் நலம் எங்கே தொடங்குகிறது?

ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்க ஆலைகளை எண்ணலாம், சாலைகளை எண்ணலாம். பெற்ற தாயும் பிறந்த குழந்தையும் நலமா என்று கேட்பது அவற்றினும் நேரிய அளவுகோலாகும். மாணவச் செல்வங்களே, அவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டையும் நமது புதுச்சேரியையும் சற்றே அளந்து பார்ப்போம்.

ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் நிலையை, சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு 1946இல் எடுத்துரைத்தது. 1937இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 162 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஆயிரம் பேறுகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார் மாண்டனர். அதாவது, இலட்சத்துக்கு 2,000 பேர்.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 1823இலேயே மருத்துவப் பள்ளி தோன்றிவிட்டது. ஆயினும், நகரத்தில் மருத்துவப் பள்ளி இருப்பது வேறு. குப்பத்திலும் கிராமத்திலும் பேறுகால வலியெடுத்த தாய்க்கு உதவி கிட்டுவது வேறு. 1954இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தபின், 1956இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1964இல் அது ஜிப்மர் ஆயிற்று. அந்நிறுவனம் குருசுக்குப்பத்திலும் இராமநாதபுரத்திலும் நலவாழ்வு நிலையங்கள் அமைத்து, மருத்துவத்தை மக்களின் வாயிலுக்கே கொண்டு சென்றது.

இன்று புதுச்சேரியில் ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இந்திய அளவில், 2020இல் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 28. 2018-20இல் தாய் இறப்பு இலட்சத்துக்கு 97. இது பெரிய வெற்றியே. ஆனால் 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையோர் என்கிறது. பேறுகால வேளையை மருத்துவமனை காக்கும். அதற்கு முந்திய பதினைந்து, இருபது ஆண்டுகளைக் காப்பவர் யார்?

கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. குழந்தையும் தனக்குரிய இரும்புச்சத்தைத் தாயிடமிருந்தே பெறுகிறது. இளமையிலேயே குருதி குன்றியவளுக்குப் பேற்றின்போது நேரும் சிறு இரத்தப்போக்கும் பேரிடராகலாம். குழந்தையும் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கக்கூடும்.

தலைமை ஆசிரியனாக இருந்த காலத்தில், காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த மாணவியர் பலரைக் கண்டிருக்கிறேன். விசாரித்தால், பெரும்பாலோர் வெறும் வயிற்றுடன் வந்தவர்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இட்டபின் எஞ்சியதே தனக்கு என்று பழகியவர்களும் அவர்களுள் உண்டு. புதுச்சேரிப் பள்ளிகளில் மதிய உணவு 1930இலேயே, பிரெஞ்சு ஆட்சியில், தொடங்கியது. பள்ளி இடும் அந்த ஒரு வேளைச் சோறு, வருங்காலத் தாய்க்கு இடும் உரமுமாகும்.

செய்யவேண்டியவை எளியவை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, மீன் ஆகியவற்றை உண்ணுங்கள். உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். காலணி அணிந்தால் கொக்கிப்புழு அணுகாது. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை எறிந்துவிடாதீர்கள்.

மாணவர்களே, இது மாணவியருக்கு மட்டும் கூறியதன்று. இன்றிரவு உங்கள் தங்கையின் தட்டையும் ஒருமுறை நோக்குங்கள். தாய் நலம் தொடங்கும் இடம் அதுவே.