நிறம் மாறினால் பார்மட் வேண்டாம்

வேலையின் நடுவே ஃபோல்டர் ஜன்னலின் நிறம் சட்டென்று மாறிவிட்டால், பெரும்பாலோருக்கு முதலில் வருவது வைரஸ் பயம். உடனே கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடுகிறோம். "பார்மட் போட்டுடலாம் சார்" என்ற பதில் அங்கே தயாராக இருக்கிறது. உண்மையில் விண்டோஸில் நிறம் மாறுவதற்கான காரணங்களில் ஏறக்குறைய எல்லாமே, எதையும் அழிக்காமல் சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியவை. ஒரே ஒரு காரணம் மட்டும் வேறு மாதிரி. அதில் பார்மட் போட்டால் உங்கள் ஆவணங்கள் திரும்பவே வராது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒன்றுதான்.

வைரஸ் பயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்திருந்தால் கோப்புகள் திறக்காது, அவற்றின் பெயர்களின் கடைசியில் புதிதாக ஏதாவது ஒட்டியிருக்கும், பணம் கேட்டு ஒரு குறிப்பும் கிடக்கும். இவை எதுவும் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால், அது எங்கே மாறியிருக்கிறது என்று பாருங்கள். திரை முழுவதுமா, ஜன்னலின் மேல்பட்டையும் ஓரமும் மட்டுமா, இல்லை கோப்புகளின் பெயர் எழுத்துகள் மட்டுமா?

திரை முழுவதும் என்றால், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைபேசியில் அது இயல்பான நிறத்தில் தெரிந்தால், விண்டோஸ் வரைந்த படத்தில் குறையில்லை. கண்ணுக்கு வந்து சேரும் வழியில்தான் மாறுகிறது. பழைய மானிட்டர்களில் இருக்கும் விஜிஏ கேபிளில் முதல் மூன்று ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீலத்தைக் கொண்டுவருகின்றன. சிவப்பு ஊசி தொடர்பு விட்டால் வெள்ளை ஜன்னல் பச்சை கலந்த நீலமாகிவிடும். நீலம் விட்டால் மஞ்சள். பச்சை விட்டால் கத்தரிப்பூச் சாயல். கேபிளைக் கழற்றி, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி செருகி, இருபக்கத் திருகுகளையும் இறுக்குங்கள். சாயங்காலம் ஆனதும் திரை பழுப்பு மஞ்சளாகிறது, காலையில் சரியாகிவிடுகிறது என்றால் அது நைட் லைட். 2017 ஏப்ரலில் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் அணைத்துவிடலாம்.

திரை கறுப்பு வெள்ளைச் சினிமா போல ஆகிவிட்டதா? அது கலர் ஃபில்டர். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்காக 2017-இன் பிற்பகுதியில் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இயங்கும். காப்பி எடுக்கக் கண்ட்ரோலும் சியும் அழுத்துகிறோம் அல்லவா, கண்ட்ரோலுக்குப் பக்கத்திலேயே விண்டோஸ் கீ இருக்கிறது. விரல் சற்று விலகியதும் வண்ணங்கள் போய்விட, என்ன நடந்தது என்று புரியாமல் திகைத்தவர்கள் ஏராளம். பின்னால் வந்த பதிப்புகளில், செட்டிங்ஸில் நாமே அனுமதித்தால்தான் இந்தக் குறுக்குவழி வேலை செய்கிறது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அதே மூன்று விசைகளை மீண்டும் அழுத்தினால் வண்ணம் வந்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபோல்டரின் உள்பக்கம் கன்னங்கரேலென்று மாறி, எழுத்துகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிட்டால் அது ஹை கான்ட்ராஸ்ட். விண்டோஸ் 11-இல் இதற்குக் கான்ட்ராஸ்ட் தீம் என்று பெயர். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் வரும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் நமக்குக் கொடுத்திருக்கும் விசைகளும் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும்தான். ஒரு நாளில் எத்தனை முறை அவற்றை அழுத்துகிறோம்! இடது கை அந்த இரண்டையும் பிடித்திருக்கும்போது வலது கை பிரிண்ட் ஸ்கிரீனில் பட்டால் போதும். சில மடிக்கணினிகளில் அந்த விசை ஸ்பேஸ் பாருக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக, வலது ஆல்ட்டை ஒட்டியே இருக்கிறது. இயக்கட்டுமா என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டி காட்டிக் கேட்கத்தான் செய்யும். தட்டச்சு வேகத்தில் என்டரை அடித்தால் அதுவே சம்மதம் ஆகிவிடுகிறது.

திரும்பவும் அதே மூன்று விசைகளை அழுத்தினால் அணைந்துவிடும். அணைத்த பிறகும் ஜன்னல் பழைய நிறத்துக்கு முழுதாகத் திரும்பாமல் இருந்தால், பர்சனலைசேஷனில் தீம்ஸ் பகுதிக்குப் போய் விண்டோஸின் இயல்பான தீமை ஒருமுறை தேர்ந்தெடுங்கள். நூலகம், பள்ளி ஆய்வகம் போன்ற பொது இடங்களில் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொல்லை என்று நினைத்து இந்த வசதியை முடக்கிவிடாதீர்கள். பார்வை மங்கிய ஒருவர் அடுத்தவர் உதவியின்றி எழுத்தைப் படிக்க இதுதான் வழி.

மேல்பட்டையும் ஓரமும் மட்டும் மாறினால் கவலைப்படவே தேவையில்லை. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது எல்லா ஜன்னல்களுக்கும் வெள்ளைத் தலைப்புதான். பலரும் குறைப்பட்டுக்கொண்ட பிறகு, அந்த ஆண்டு நவம்பர் அப்டேட்டில் வண்ணம் திரும்பியது. அந்த வண்ணத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், அல்லது வால்பேப்பரிலிருந்து விண்டோஸே எடுத்துக்கொள்ளும்படி விடலாம். அப்படி விட்டு, வால்பேப்பரையும் ஸ்லைடு ஷோவாக வைத்திருந்தால் படம் மாறும் ஒவ்வொரு முறையும் தலைப்பின் நிறமும் மாறும். கலர்ஸ் பகுதியில் ஆக்சென்ட் கலரை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிட்டால் நின்றுவிடும். விண்டோஸ் 11-இல் மேல்பட்டை வால்பேப்பரின் சாயலை லேசாக வாங்கிக்கொள்கிறது. வேறு ஜன்னலைத் தொட்டதும் வெளுத்துப்போகிறது. பேட்டரி சேவர் இயங்கும்போதும் அந்தச் சாயல் இருக்காது. அதன் இயல்பே அப்படித்தான்.

இனி கோப்புகளின் பெயர். நீல எழுத்து என்றால் அந்தக் கோப்பு இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் சுருக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டிஸ்க் கிளீனப்பை ஓட்டினால், நெடுநாள் தொடாத கோப்புகளைச் சுருக்குவதும் அதில் ஒரு வேலையாக இருந்தது. அதை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பழைய கோப்புகளின் பெயர்களெல்லாம் நீலமாகியிருக்கும். நீலத்தால் ஆபத்தில்லை. ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்திச் சுருக்கத்துக்கான டிக்கை எடுத்தால் கறுப்பாகிவிடும்.

பச்சை எழுத்து அப்படியல்ல. அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 2000-த்தில் வந்த இஎஃப்எஸ் என்ற குறியாக்க வசதி அது. ஹோம் பதிப்புகளில் கிடையாது. அலுவலகங்களில் பயன்படும் புரோ போன்ற பதிப்புகளில் உண்டு. பச்சை எழுத்துக்குப் பதிலாக, விண்டோஸ் 10, 11-இல் கோப்பின் ஐகான் மேல் சின்னப் பூட்டாகவும் தெரியலாம். இதன் சாவி உங்கள் பயனர் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும்வரை கோப்பு தானாகத் திறப்பதால், பூட்டு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. முன்பு அதே இருக்கையில் இருந்த ஒருவர் என்றோ ஒரு ஃபோல்டரைப் பூட்டியிருப்பார். அதற்குள் நீங்கள் போடும் குழந்தையின் படங்களும் பத்திர நகல்களும் உங்கள் சாவியால் தாமாகவே பூட்டப்பட்டுப் பச்சையாகிவிடும்.

இந்த நிலையில் சி டிரைவை பார்மட் போட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினால் சாவி அழிந்துபோகும். கோப்புகள் டி டிரைவில் பத்திரமாக இருக்கும், பெயர் தெரியும், அளவு தெரியும், திறக்க மட்டும் முடியாது. புதிய விண்டோஸில் பழைய பெயரிலேயே கணக்கு தொடங்கினாலும் அது வேறு ஆளாகத்தான் கணக்கில் வரும். கடைக்காரர் உங்கள் லோக்கல் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு அட்மின் கணக்கிலிருந்து மாற்றிக்கொடுத்தாலும் பூட்டு திறக்காது. சாவியின் நகல் எங்கும் இல்லையென்றால் எந்த நிபுணரிடம் கொடுத்தும் பயனில்லை.

அதனால் பச்சையைக் கண்டால் முதல் வேலை, கணக்கு உள்ளே திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியது: ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய், என்கிரிப்ட் டிக்கை எடுங்கள். உள்ளிருக்கும் கோப்புகளுக்கும் சேர்த்தா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். பூட்டு வேண்டும் என்று நினைத்தால், கண்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குள் கோப்புக் குறியாக்கச் சான்றிதழ்களை நிர்வகிக்கும் இடம் இருக்கிறது. அங்கே சான்றிதழையும் சாவியையும் ஒரு கடவுச்சொல் போட்டு பென் டிரைவில் சேமியுங்கள். அந்த பென் டிரைவைக் கணினிப் பையில் வைக்காதீர்கள். கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பார்மட் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.