மேடையில் ராசா, கீழே குடியானவன்

"கோயில்ல ஐயர் நாலு வார்த்தை கண்டிப்பாச் சொன்னால் இந்தப் பெடியள் திருந்துவாங்கள்."

ரெய்னர்ஸ் லேனில் மரக்கறிக் கடையொன்றில் காதில் விழுந்த பேச்சு இது. சொன்னவர் வயதான ஒரு அண்ணர். கையில் முருங்கைக்காய்க் கட்டு. குடி, சூதாட்டம், இரவு இரவாகச் சுத்துறது என்று அவர் பட்டியல் போட, நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அண்ணரின் யோசனை இந்த நாட்டில் பழசு. ராசாக்களே செய்து பார்த்தது.

1787 ஜூன் 1ஆம் திகதி மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஒரு பிரகடனம் விட்டார். குடிவெறி, தெய்வநிந்தனை, ஞாயிறன்று சூதாடுவது, ஆபாசப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். நீதவான்களுக்குக் கட்டளை போனது. தேவாலயங்களுக்கும் போனது: வருடத்துக்கு நாலு தடவையாவது ஆராதனை முடிந்த கையோடு போதகர் இதை வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத சனம் ஏராளம். ஊரே கூடுகிற இடம் தேவாலயம். இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவரும் மன்னர்தானே. பிரசங்க மேடைதான் அவருடைய ஒலிபெருக்கி.

இதற்குப் பின்னால் நின்றவர் வில்லியம் வில்பர்போர்ஸ். இங்கிருந்து சில மைல் தள்ளி மில் ஹில்லில் செயின்ட் போல் தேவாலயத்தைக் கட்டுவித்தவர். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதும் நாட்டின் நடத்தையைத் திருத்துவதும் தன் இரண்டு கடமைகள் என்று அதே வருடம் நாட்குறிப்பில் எழுதினார். நல்ல மனுசன், சந்தேகமில்லை.

ஆனால் அரண்மனைக்குள் என்ன நடந்தது? மன்னரின் மூத்த மகன் சூதிலும் ஆடம்பரத்திலும் கடனில் மூழ்கியிருந்தார். அந்தக் கடனை அடைக்க அதே 1787இல் நாடாளுமன்றம் 1,61,000 பவுண்ஸ் ஒதுக்கியது. மதுக்கடை வாசலில் நிற்கிற குடியானவனுக்குப் பிரகடனம், இளவரசருக்குப் பொதுப்பணம்! இதே நோக்கத்தோடு 1802இல் தொடங்கிய சங்கமொன்றைப் பார்த்து சிட்னி ஸ்மித் கேலி செய்தார். வருடம் 500 பவுண்ஸுக்கு மேல் வருமானம் இல்லாதவர்களின் தீயொழுக்கத்தை மட்டும் அடக்குகிற சங்கமாம். இத்தனைக்கும் அவரும் ஒரு பாதிரியார்.

இன்னொரு விஷயம். மேடையைப் பிடிக்கிற ராசா என்ன சொல்வார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 1633இல் முதலாம் சார்ள்ஸ், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சனம் நடனமாடலாம், விளையாடலாம் என்ற அறிவிப்பைத் தேவாலயங்களில் வெளியிடச் சொன்னார். ஓய்வுநாளைக் கெடுக்க மாட்டோம் என்று மறுத்த போதகர்கள் வேலை இழந்தார்கள். ஒரு ராசாவுக்கு ஞாயிறு ஆட்டம் நல்லது, இன்னொருவருக்குக் குற்றம்.

வில்பர்போர்ஸின் மற்றக் கடமை எப்படி நிறைவேறியது என்று பாருங்கோ. ஊர் ஊராக மனுக்களில் கையெழுத்து வைத்தார்கள். அடிமைகள் விளைவித்த சீனி வேண்டாம் என்று வீடுகளில் நிறுத்தினார்கள். 1807இல் சட்டம் வந்தது. அந்தப் பெண்களுக்கும் தொழிலாளருக்கும் எந்த ராசாவும் உபதேசம் செய்யவில்லை.

கதையை அண்ணரிடம் சுருக்கமாகச் சொன்னேன். "ஐயர் பெடியளுக்குச் சொல்லட்டும் அண்ணை. கோயில் கணக்கைக் காட்டச் சொல்லி நிர்வாகத்துக்கும் அதே மைக்கில சொல்லுவாரோ?"

அண்ணர் சிரித்தார்.

"அது எப்பிடித் தம்பி? சம்பளம் குடுக்கிறதே அவையள்தானே."