ஆபீஸ் கழித்த கம்ப்யூட்டரே போதும்! கல்யாண வீடியோவை வீட்டிலேயே காப்பாற்றலாம்!

பெட்டியில் மிச்சம் பிடி; டிஸ்க்கில் கை வைக்காதே!

சென்னை:–

கல்யாண கேசட், குழந்தையின் முதல் பிறந்த நாள், ஊர்த் திருவிழா, காலமான தாத்தாவின் குரல்... பல வீடுகளில் இவை எல்லாம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் முடங்கிக் கிடக்கின்றன. ஒரு நாள் அது "டக், டக்" என்று சத்தம் போட்டு நின்றால்? போயே போச்சு!

இதற்கு வழியாகத்தான் வீட்டிலேயே ஒரு "பைல் சர்வர்" வைக்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். எல்லாப் படமும் பாட்டும் அதன் டிஸ்க்கில் இருக்கும். ஹால் டி.வி.யிலும், சமையல்கட்டு செல்போனிலும், பையனின் லேப்டாப்பிலும் அதைத் திறந்து பார்க்கலாம்.

இதற்கென்றே செய்த புதுப் பெட்டிகள் கடையில் உண்டு. அழகாகவும் இருக்கும். ஆனால் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே கையைக் கடிக்கும் விலை! அதை வாங்கிவிட்டு, டிஸ்க் வாங்கக் காசில்லாமல் திண்டாடுவானேன்?

கழித்த பெட்டிக்கு வந்த வாழ்வு

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வாருங்கள். டெல், எச்.பி., லெனோவா என்று ஆபீஸ்களில் உழைத்து ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

இவை ஏன் கழிக்கப்பட்டன? கெட்டுப் போனதால் அல்ல. விண்டோஸ் 10–க்கு இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14–ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் பெரும்பாலும் இன்டெலின் 8–வது தலைமுறை சிப்பாவது வேண்டும். 7–ம் அதற்குக் கீழும் உள்ளவை "தகுதி இல்லை" என்று தள்ளப்பட்டன.

சர்வருக்கு விண்டோஸ் எதற்கு? காசு கேட்காத லினக்ஸ் போதும். "ஓப்பன் மீடியா வால்ட்" என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உள்ளது. ஆபீசுக்கு ஆகாத பெட்டி வீட்டுக்கு ராஜா!

இன்னொரு லாபமும் உண்டு. 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. பழைய பெட்டியில் 8 ஜி.பி. ராம் ஏற்கனவே இருந்தால் அதற்குத் தனியாக அழ வேண்டியதில்லை.

ஏன் 7–வது தலைமுறை?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

டி.வி.க்குப் புரிகிற வடிவில் படம் இருந்தால், சர்வர் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். அதற்குப் பெரிய மூளை வேண்டாம். டி.வி.க்குப் புரியாவிட்டால் சர்வர் உட்கார்ந்து அதைப் பிரித்து வேறு வடிவில் மாற்றிக் கொண்டே அனுப்ப வேண்டும். அப்போதுதான் பெட்டி மூச்சு வாங்கும்.

இன்றைய 4கே படங்கள் பல "எச்.இ.வி.சி. 10 பிட்" என்ற வகை. இன்டெலின் 7–வது தலைமுறை சிப்பில் இதைப் பிரிக்கத் தனிப் பகுதி உள்ளேயே இருக்கிறது. 6–வது தலைமுறையில் 8 பிட் வரைக்கும்தான் அந்த வசதி. விண்டோஸ் 11 வேண்டாம் என்று தள்ளியது 7–ஐ. படம் பார்க்க வேண்டியதும் 7. மலிவும் இருக்கிறது, வசதியும் இருக்கிறது!

அடையாளம் காண்பது எளிது. "ஐ5–7500" என்று இருந்தால், கோட்டுக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். 7 என்றால் 7–வது தலைமுறை.

மென்பொருளில் "ஜெல்லிபின்" முழுக்க இலவசம். "பிளெக்ஸ்" போட்டால், சிப்பின் இந்த வசதியைப் பயன்படுத்த அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

குட்டிப் பெட்டியில் ஏமாற வேண்டாம்

உள்ளங்கை அகலக் குட்டிப் பெட்டியைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அதில் 3.5 இஞ்சு பெரிய டிஸ்க் நுழையாது. வெளியில் யு.எஸ்.பி. வயரில் தொங்கவிட வேண்டும். யாராவது துடைப்பத்தால் இடித்தால் கதை முடிந்தது!

நடுத்தர சைஸில் பொதுவாக ஒரு பெரிய டிஸ்க் உட்காரும். சிறிய டவர் என்றால் பலவற்றில் இரண்டு உட்காரும். வாங்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தக் கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளை தனி சைஸ். கெட்டால் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. "அண்ணே, இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?" என்று அப்போதே கேட்டு வைப்பது நல்லது.

கரண்டு பில் கணக்கு

கம்பெனிகள் கழித்த பெரிய சர்வரும் சில சமயம் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள்!

100 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். 60 நாளைக்கு 144 யூனிட். 20 வாட் பெட்டி என்றால் அதே 60 நாளைக்குச் சுமார் 29 யூனிட்தான். வாங்கும்போது மிச்சம் பிடித்ததை கரண்டு பில்லில் கட்டுவதா? பெரிய சர்வரின் காற்றாடி போடும் சத்தத்தில் வீட்டில் தூக்கமும் போய்விடும்.

டிஸ்க்கில் உஷார்!

பெட்டி பழசாக இருக்கலாம். டிஸ்க் மட்டும் புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு இருக்க வேண்டும்.

"புத்தம் புதுசு சார், சீல் பிரிக்கலை" என்ற பேச்சை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கை யாரோ அழித்து, புதிது என்று சந்தையில் விட்டிருந்தார்கள்.

கடையிலேயே "கிரிஸ்டல் டிஸ்க் இன்போ" என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதில் தெரியும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி. 40,000 என்று காட்டினால் நாலரை வருடம் ராப்பகலாக உழைத்த டிஸ்க் அது!

"ரீஅலொகேட்டட்", "பெண்டிங்" என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஓடிய மணிக்கணக்கை அழித்திருந்தாலும், சீகேட் டிஸ்க்கில் "பார்ம்" என்ற இன்னொரு பதிவு உள்ளது. லினக்ஸில் "ஸ்மார்ட்மான்டூல்ஸ்" அதைப் படித்துக் காட்டிவிடும்.

டிஸ்க்கில் இரண்டு ஜாதியும் உண்டு. சி.எம்.ஆர். ஒன்று, எஸ்.எம்.ஆர். ஒன்று. எஸ்.எம்.ஆரில் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். படிப்பதில் தொல்லை இல்லை; திரும்பத் திரும்ப எழுதும்போது மந்தமாகிவிடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும்போது தகராறு செய்யும். 2020–ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் "ரெட்" டிஸ்க்குகள் சிலவற்றில் இது இருப்பது தெரிந்து சர்ச்சை எழுந்தது. பிறகுதான் சி.எம்.ஆர். டிஸ்க்குகளை "ரெட் பிளஸ்" என்று பிரித்து விற்றார்கள். மாடல் எண்ணைப் பார்த்து, எந்த ஜாதி என்று கேட்டு வாங்குங்கள்.

இரட்டை டிஸ்க் இருந்தால் போதுமா?

போதாது! இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

"ரெய்டு" முறையில் இரண்டு டிஸ்க்கில் ஒன்றையே எழுதலாம். ஒன்று செத்தால் மற்றொன்று கை கொடுக்கும். நல்லதுதான். ஆனால் குழந்தை தெரியாமல் ஒரு பைலை அழித்தால்? இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் புகுந்தாலும் அதே கதி. திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

சென்னைக்காரர்களுக்கு வெள்ளத்தைச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? தரையில் வைத்த பெட்டியில் எத்தனை டிஸ்க் இருந்து என்ன பயன்?

ஆகவே, ரெய்டுக்கு வாங்கும் இரண்டாவது டிஸ்க்கை வெளி டிஸ்க்காக வாங்குங்கள். மாதம் ஒரு முறை காப்பி எடுத்து, அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். காப்பி எடுத்தால் மட்டும் போதாது. அதைப் போட்டு ஓட்டியும் பார்க்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

வீட்டு ரவுட்டரில் 100 மெகாபிட் துளைதான் இருக்கிறதா என்று பாருங்கள். 4கே டிஸ்க்கில் இருந்து எடுத்த படம் சில இடங்களில் அதைத் தாண்டும், திக்கித் திணறும். ஜிகாபிட் துளை இருந்தால் கவலை இல்லை. சர்வரை வயரில் கொடுப்பதே நல்லது.

யு.பி.எஸ். கட்டாயம். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்டு போனால் பைல் பாழ்.

மூடிய பீரோவுக்குள் பெட்டியை வைக்காதீர்கள். 60 டிகிரி சூடு என்பது பல டிஸ்க்குகளுக்குக் கம்பெனியே போட்ட எல்லைக்கோடு. சித்திரை வெயிலில் காற்று இல்லாத பெட்டிக்குள் அதை எட்ட நேரம் ஆகாது.

கையில் காசு குறைவா?

அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். முதலில் இன்னொரு டிஸ்க் வாங்கி இருப்பதைக் காப்பி எடுங்கள். பெட்டி அடுத்த மாதம் வாங்கலாம். ரிச்சி தெருவில் ஒரு பெட்டி போனால் இன்னொரு பெட்டி வரும். கல்யாண வீடியோ போனால் வராது!