ஊர் திரும்பிய பிறகும் மாத்திரை!

பெங்களூரின் குளிர்ந்த காற்றில் வாழும் நமக்கு மலேரியாவின் நினைப்பே வருவதில்லை. ஆனால், வேலைக்காக ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளுக்கோ, ஆப்பிரிக்க நாடுகளுக்கோ போகிறவர்கள் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

1883-ல் பெங்களூரில் ராணுவ டாக்டராக இருந்தவர் ரொனால்டு ராஸ். அவரது பங்களாவில் ஒரே கொசுத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு, தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது! 1897-ல் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவரும் இவரே.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குறுகிய காலப் பயணத்துக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரையைப் புறப்படுவதற்கு 2 நாள் முன்பே தொடங்கி, தினமும் சாப்பிட வேண்டும். திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது.

"வீடு வந்தாயிற்று, இனி எதற்கு?" என்று நிறுத்திவிடுவதில்தான் ஆபத்து. உடம்பில் புகுந்த கிருமி முதலில் ஈரலில் வளர்ந்து, பிறகே ரத்தத்துக்கு வருகிறது. அப்போது அதை அழிக்க மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும்.

மாத்திரையை நம்பிக் கொசுவலையை விட்டுவிடாதீர்கள். மலேரியாக் கொசு இரவில்தான் கடிக்கும்.

திரும்பிப் பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.