வீட்டில் வாசிக்குமிடம்

கலாசாலையில் நமக்கு வாய்த்திருக்கும் மேசை, நாற்காலி, வெளிச்சம், அமைதி ஆகியவற்றை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகக் கலாசாலைகள் அடைக்கப்பட்டு, பாடங்கள் வீடு தேடி வந்தபோதுதான் அவற்றின் அருமை புலனாயிற்று. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தினால் மடிக்கணினி பல எளிய வீடுகளுக்கும் வந்திருந்தது. அதனை வைத்துக்கொண்டு அமர்வதற்கோர் இடம் வந்திருக்கவில்லை.

தனியறை இல்லையே என்று வருந்துவோர் பலர். வர்ஜீனியா வுல்ஃப் என்னும் ஆங்கில ஆசிரியை, 1928-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் மாதர் கல்லூரிகளில் நிகழ்த்திய சொற்பொழிவுகளினின்று எழுந்த தம் நூலில், எழுத விழையும் பெண்ணுக்கு ஆண்டொன்றுக்கு 500 பவுன் வருவாயும் ஒரு தனியறையும் வேண்டுமென வாதித்தார். அது நியாயமே. ஆயினும் ஜேன் ஆஸ்டினுக்கு அவ்வறை வாய்க்கவில்லை. குடும்பத்தார் கூடும் கூடத்திலேயே சிறு மேசையொன்றில் அவர் எழுதினார். அங்கிருந்த கதவொன்று திறக்குந்தோறும் கிறீச்சிடுமாம்; ஆள் வருவதை அது முன்னறிவித்தமையால் அதனைச் செப்பனிட வேண்டாமென்று அவர் தடுத்ததாக அவருடைய தமையனார் மகன் எழுதியுள்ளார்.

ஆகவே நாம் முதலில் தேடவேண்டுவது அறையன்று, வெளிச்சம். வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறமிருந்து விழுதல் வேண்டும். இன்றேல் கையின் நிழல் எழுத்தின்மேற் படியும். மடிக்கணினியில் வாசிப்போர் சன்னலுக்கு எதிர்முகமாகவும் அமரலாகாது, முதுகு காட்டியும் அமரலாகாது. முன்னது கண்ணைக் கூசச்செய்யும். பின்னது திரையிற் பளபளக்கும். பக்கவாட்டில் அமர்தலே நன்று. மேற்குச் சன்னல் பிற்பகல் வெம்மையையும் உடன்கொணர்வதால் வடக்குச் சன்னலே உத்தமம். சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் வடபால் நிற்பதால், அம்மாதங்களில் மட்டும் சிறிது வெயில் எட்டிப்பார்க்கும்.

மேசை வாங்க இயலாதோர் கவலற்க. முற்காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தரையிற் சம்மணமிட்டு, சாய்ந்த மூடியுள்ள பெட்டியின்மேல் எழுதிவந்தனர். அச்சாய்வு கழுத்து மிகக் குனியாமற் காத்தது. மடிக்கணினியின் குறையோ வேறு. திரையும் விசைப்பலகையும் ஒன்றாயிருத்தலின், கைக்கேற்ப வைத்தால் கழுத்து வளையும். கண்ணுக்கேற்ப உயர்த்தினால் தோள் நோகும். நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அவற்றின்மேற் கணினியை ஏற்றி, தனி விசைப்பலகையொன்றை இணைத்துக்கொள்ளல் வேண்டும். பரீட்சை முடிந்த பாடநூல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை!

இவ்வளவும் அமைந்தபின், அவ்விடம் யாருடையது என்னும் வினா எழுகின்றது. மகன் வாசிக்குங்கால் தொலைக்காட்சியின் ஒலி தாழ்கின்றது. மகள் வாசிக்குங்காலோ அடுக்களையிலிருந்து அழைப்பு வருகின்றது. எல்லா வீடுகளிலும் இவ்வாறென்று நாம் கூறோம். ஆயினும் இத்தகைய வீடுகள் பல. ஆதலின் இடத்தோடு நேரத்தையும் பெற்றோரிடம் பேசி முடித்துக்கொள்ளல் அவசியம்: மாலை 6 மணி முதல் 8 மணி வரை சன்னலோரம் அக்காளுக்கு, அந்நேரத்தில் பாத்திரந் துலக்கும் முறை தம்பிக்கு.