தூசியில் மலர்ந்த நட்சத்திரம்!
கூன் முதுகுப் பேராசிரியரின் கதை

பெற்றோருக்கு 17-வது குழந்தை. குட்டை உருவம். முதுகிலே கூன். 9 வயதில் தந்தையும் இறந்துவிட்டார்.

"இந்தப் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?" என்றுதானே கேட்கத் தோன்றும்?

ஆனால், அவர் ஜெர்மனியின் புகழ்பெற்ற விஞ்ஞானி ஆனார்!

அவர் பெயர் லிக்டன்பர்க். பிறந்த ஆண்டு 1742. கோட்டிங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பவுதிகப் பேராசிரியர் ஆனார். பாடத்தை வாயால் மட்டும் சொல்லமாட்டார். மாணவர் கண் முன்னே செய்து காட்டுவார். அவர் வகுப்பில் கூட்டம் நிரம்பி வழிந்தது.

தூசி காட்டிய அதிசயம்

1777-ம் ஆண்டு. மின்சாரம் உண்டாக்க, பிசினால் பெரிய தட்டு ஒன்று செய்தார். அதை இழைத்தபோது அறையெங்கும் தூசி பறந்தது. பிறகு அந்தத் தூசி தட்டின் மேல் படிந்தது.

என்ன ஆச்சரியம்! தூசி, நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோலம் போட்டிருந்தது!

காரணம் என்ன? மின்சாரம் தட்டின் மேல் கிளை கிளையாகப் பரவியிருந்தது. அது பரவிய இடங்களில் தூசி ஒட்டிக்கொண்டது.

வேறொருவர் என்றால், துடைத்துவிட்டுப் போயிருப்பார். அவரோ உற்றுப் பார்த்தார். அந்தக் கோலங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1799-ல், 56-வது வயதில் அவர் காலமானார்.

1938-ல் அமெரிக்காவில் கார்ல்சன் என்பவர், மின்சாரம் உள்ள இடத்தில் தூள் ஒட்டும் தன்மையை வைத்தே, எழுத்தை நகல் எடுத்துக் காட்டினார். இன்று கடைகளில் எடுக்கும் 'ஜெராக்ஸ்' அதிலிருந்து வந்ததுதான்!