தோலுக்குள் முடிவாகும் மென்மை

தீர்த்தமலை அடிவாரத்து மானாவாரி நிலங்களில் மேயும் மேச்சேரிச் செம்மறியைத் தடவினால் கையில் கம்பளி தட்டுப்படாது. செம்பழுப்பு நிறத்துக் குட்டை மயிர் உடலோடு ஒட்டிக் கிடக்கும். அதைக் கத்தரிப்பாரும் இல்லை. தருமபுரி வட்டாரத்தின் மற்றோர் இனம் திருச்சிக் கருப்பு. ஆண்டுக்கு இருமுறை கத்தரிக்கப்படும் அதன் கருமயிர் முரட்டுக் கம்பளிக்கே உதவும். பெரு நாட்டு அல்பாக்காவைச் சிறு மந்தையாக இங்கு வளர்த்து நுண்மயிர் பெறலாமே என்று ஆவல் கொள்வோர், முதலில் விலங்கின் தோலுக்குள் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

செம்மறியின் தோலில் இருவகை மயிர்க்கால்கள் உள்ளன. கருவில் முதலில் தோன்றுபவை முதன்மை மயிர்க்கால்கள்; வியர்வைச் சுரப்பியும் மயிரை நிமிர்த்தும் தசையும் இவற்றோடு சேர்ந்திருக்கும். இவற்றைச் சூழ்ந்து பின்னர் முளைப்பவை துணை மயிர்க்கால்கள். தடித்த மயிர் முன்னதிலிருந்தும் நுண்மயிர் பின்னதிலிருந்தும் வளரும். மெரினோ ஆட்டில் ஒரு முதன்மை மயிர்க்காலுக்கு ஏறத்தாழ இருபது துணை மயிர்க்கால்கள் அமையும். நம் சமவெளி ஆடுகளில் மிகச் சிலவே. குட்டியின் மயிர் எத்தகையது என்பது பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது.

இழையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். 15 மைக்ரான் இழையைவிட 30 மைக்ரான் இழை இருமடங்கே பருமன். அதை வளைக்கவோ 16 மடங்கு விசை வேண்டும். 30 மைக்ரானைத் தாண்டிய இழையின் முனை தோலில் படும்போது மடங்காமல் நரம்பு முனையைக் குத்துகிறது. கம்பளி உடலை அரிப்பது இதனாலேயே. அல்பாக்கா மயிர் பெரும்பாலும் 18 முதல் 30 மைக்ரானுக்குள் அடங்குவதால்தான் அதற்கு இத்துணை மதிப்பு.

அல்பாக்காவின் தாயகம் ஆண்டிஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த மேட்டுநிலம். குளிர் ஒன்றே நுண்மயிருக்குக் காரணம் என்பதும் பொருந்தாது. வெயில் காயும் ஆஸ்திரேலியப் புல்வெளிகளிலும் மெரினோ வாழ்கிறதே. தீவனமும் பார்க்க வேண்டிய ஒன்று. மயிர் என்பது கெரட்டின் எனும் புரதம். அதற்கு உறுதி தருபவை கந்தகப் பிணைப்புகள். அக்கந்தகம் உணவிலிருந்தே வர வேண்டும். காய்ந்த சோளத்தட்டையால் கோடையைக் கடத்தும் மந்தையில் இழை நடுவே மெலியும். நூற்கும்போது சரியாக அவ்விடத்தில் அறும்.

தமிழகத்தில் நுண்மயிர் வாய்த்த இடம் நீலகிரி. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து நீலகிரி ஆடு உருவாயிற்று. அதன் இழை சராசரியாக 27 மைக்ரான் அளவினது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணுகிறது. இதனோடு மெரினோ, ராம்புலே இனங்களைக் கலந்து சாண்டினோ என்னும் இனமும் அங்கே பிறந்தது. மலை மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க நீலகிரி ஆட்டின் எண்ணிக்கையும் சுருங்கிவந்தது பெருங்கவலைக்குரியது.

தீர்த்தமலைக்கு உரியது வேறு வளம். துணை மயிர்க்கால்கள் அடர்ந்த தோலில் துளைகளும் கொழுப்பும் மிகுந்து நார்க்கட்டு தளரும். மேச்சேரியின் தோலில் கொலாஜன் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும். ஆதலால் பதனிடுவோர் அதனை விரும்பி வாங்குகின்றனர். மயிரில் குறை என்று நாம் கருதியதே தோலில் நிறைவாகிறது! சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரிக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருவது நற்பேறு. அல்பாக்காவுக்குச் செலவிட எண்ணும் பணத்தில் நல்ல மேச்சேரிக் கிடாக்களை வாங்குவதே தக்கது என்பது என் துணிபு. உண்ணி கடித்த வடுவும் வேலி முள் கிழித்த கீறலும் பதனிட்ட பின்னும் மறையா. ஆகவே உண்ணி நீக்குவதும் பட்டியைச் சுற்றி முள்வேலி இடாதிருப்பதும் கிடா வாங்குவதோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.